27 ஆண்டு அனுபவம், பி.ஆர்க். (கட்டடக்கலைப்) பட்டம் இல்லை: எனக்கு ஏதாவது சான்றிதழ் வழி உண்டா?

தண்டையார்பேட்டை வரைவாளர்:

வணக்கம். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். சுருக்கமாகக் கேட்டால் "பட்டம் இல்லையென்றால் ஒன்றும் நடக்காது" என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள்.

எனக்கு 46 வயது. பத்தாம் வகுப்பு முடித்து ஐ.டி.ஐ.யில் சிவில் வரைவாளர் பிரிவில் 2 ஆண்டு படித்தேன். 1998-இல் மண்ணடியில் ஒரு கட்டடக் கலைஞரிடம் வேலைக்குச் சேர்ந்தேன். டிரேசிங் தாளும் அம்மோனியா நெடியுமாக இருந்த காலம். தவறாக விழுந்த கோட்டை பிளேடால் சுரண்டி எடுக்க வேண்டும், தாள் கிழியக் கூடாது. முதல் இரண்டு ஆண்டு பழைய வீடுகளை அளந்து வருவதுதான் என் வேலை. அந்தப் பக்கத்துச் சந்துகளில் மெட்ராஸ் டெரஸ் வீடுகள் நிறைய. தேக்குக் கட்டைகளின் மேல் சின்னச் செங்கலைச் சாய்வாகக் குத்தவைத்து, சுண்ணாம்புக் கலவையில் போட்ட கூரை. கட்டை சுவருக்குள் நுழையும் இடத்தில் சுத்தியலால் தட்டச் சொல்வார் முதலாளி. நல்ல கட்டை 'டண்' என்னும். மக்கிய கட்டை ஓசையே தராது. இதை எந்த வகுப்பிலும் நான் கற்றுக்கொள்ளவில்லை.

பிறகு நானே வீடுகளை வடிவமைக்கத் தொடங்கினேன். அவர் திருத்துவார், கையெழுத்திடுவார். 2019-இல் அவர் காலமானார், அலுவலகம் மூடப்பட்டது. அன்று முதல் திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் ஒரு மாடி அறையில் தனியாக வேலை செய்கிறேன். வருகிறவர்கள் பெரும்பாலும் காசிமேடு, கொருக்குப்பேட்டை, புதுவண்ணாரப்பேட்டை மக்கள். 15-க்கு 30 அடி மனை, இரண்டு பக்கமும் அடுத்த வீட்டுச் சுவர், வெளிச்சம் வர ஒரே வழி நடுவில் ஒரு திறப்பு. அந்த 450 சதுர அடிக்குள் படிக்கட்டை எங்கே வைப்பது என்பதை நான் மூன்று நாள்கூட யோசிப்பேன்.

வரைபடத்தில் கையெழுத்து மட்டும் பதிவு பெற்ற கட்டடக் கலைஞர் ஒருவருடையது. அவருக்கு நான் கட்டணம் கொடுக்கிறேன், அவர் முத்திரை வைக்கிறார். மனையைப் பார்த்ததே இல்லை.

போன ஆடி மாதம் நடந்தது இது. காசிமேட்டில் மீன் வியாபாரம் செய்யும் ஓர் அம்மாவின் வீடு. முதல் தளக் கூரைக்குக் கம்பி கட்டி முடித்து, மறுநாள் காலை கான்கிரீட். மாலையில் போய்ப் பார்த்தேன். கம்பியைப் பலகையிலிருந்து தூக்கி நிறுத்தும் கவர் பிளாக் வைக்காமல் கம்பிக்குக் கீழே ஜல்லிக்கல்லைச் செருகியிருந்தார்கள். பலகைக்கும் கம்பிக்கும் நடுவில் என் சுண்டு விரல் நுழையவில்லை. கடலிலிருந்து கூப்பிடு தூரம். உப்புக் காற்று பத்தே ஆண்டில் கம்பியைத் தின்றுவிடும். மேஸ்திரி "எல்லா இடத்திலும் இப்படித்தான் சார்" என்றார். நிறுத்தினேன். கலவை எந்திரத்தின் ஒரு நாள் வாடகையை என் கையிலிருந்து கொடுத்தேன்.

அடுத்த வாரம் கடன் விஷயமாக வங்கியிலிருந்து ஒருவர் பார்வையிட வந்தார். படிக்கட்டைப் பற்றி அவர் கேட்டதற்கு விளக்கத் தொடங்கினேன். வரைபடத்தைப் பார்த்துவிட்டு, "இதில் இருக்கும் பெயர் உங்களுடையது இல்லையே, அவரை வரச் சொல்லுங்கள்" என்றார். அவர் சொன்னதில் தவறில்லை. அந்த அம்மா என்னையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தார். அன்றிலிருந்து எனக்கு மனம் சரியில்லை.

கேட்க வேண்டியது மூன்று. பட்டம் இல்லாமல், அனுபவத்தை மட்டும் சோதித்துச் சான்றளிக்கும் தேர்வு நம் நாட்டில் உண்டா? அமெரிக்காவில் அப்படி ஒன்று இருப்பதாகவும் இங்கிருந்தே வாங்கலாம் என்றும் அக்கா மகன் சொல்கிறான், உண்மையா? மூன்றாவது, பழைய தேதியிட்டு வெளிமாநிலப் பட்டம் வாங்கித் தருவதாக ஒரு தரகர் இரண்டு முறை வந்துவிட்டார். எனக்கு அதில் விருப்பமில்லை. ஆனால் எனக்குத் தெரிந்த ஒருவர் வாங்கிவிட்டார், பலகையும் மாட்டிவிட்டார். அதைப் பார்க்கும்போது வயிறு எரிகிறது.

---

பெரம்பூர் கட்டடக் கலைஞர்:

வணக்கம் அண்ணா. நான் பதிவு பெற்றவள், 12 ஆண்டாகத் தொழிலில் இருக்கிறேன்.

தரகர் விஷயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். வேண்டவே வேண்டாம். அது போலி ஆவணக் குற்றம். பிடிபட்டால் 27 ஆண்டில் நீங்கள் சேர்த்த பெயர் ஒரே நாளில் போய்விடும். உங்களை நம்பிக் கட்டியவர்களின் ஆவணங்களும் சந்தேகத்துக்கு உள்ளாகும்.

இனி சட்டம். 1972-ஆம் ஆண்டின் கட்டடக் கலைஞர்கள் சட்டத்தில் உங்களைப் போன்றவர்களுக்கு ஒரு கதவு இருந்தது. பிரிவு 25-ஐப் படித்துப் பாருங்கள். அங்கீகரிக்கப்பட்ட பட்டம் இல்லாத இந்தியக் குடிமகனும் குறைந்தது 5 ஆண்டு கட்டடக் கலைஞராகத் தொழில் செய்திருந்தால் பதிவேட்டில் சேரலாம் என்று அதில் இருக்கிறது. ஆனால் அந்த 5 ஆண்டு, முதல் பதிவேட்டைத் தயாரிக்க அரசு குறித்த நாளுக்கு முந்தையதாக இருக்க வேண்டும். அதாவது சட்டம் வந்தபோது ஏற்கெனவே தொழிலில் இருந்தவர்களுக்காகத் திறந்த கதவு அது. அந்தத் தலைமுறையோடு மூடிவிட்டது. நீங்கள் பிறந்ததே அதற்குப் பிறகுதான்.

பி.ஆர்க். என்றால் 5 ஆண்டு முழுநேரப் படிப்பு. இடையில் இரண்டாம் ஆண்டிலோ மூன்றாம் ஆண்டிலோ சேர முடியாது. அஞ்சல் வழியில் படித்தால் கட்டடக்கலை மன்றம் பதிவு தராது. மூன்றாண்டுப் பட்டயப் படிப்பில் கணிதம் இருந்தால் 'நாட்டா' நுழைவுத் தேர்வு எழுதலாம், ஆனால் முதலாண்டில்தான் சேர வேண்டும். வீட்டு வாடகையும் பிள்ளைகள் படிப்பும் இருக்கும்போது 46 வயதில் அது எவ்வளவு பெரிய கேள்வி என்று எனக்குத் தெரியும். அதனால் 'போய்ப் படியுங்கள்' என்று எளிதாகச் சொல்ல மாட்டேன்.

இப்போது பலருக்கும் தெரியாத ஒன்று. உங்கள் வேலை குற்றமல்ல. 2020 மார்ச் 17 அன்று உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்புச் சொன்னது. நொய்டா வளர்ச்சி ஆணையத்தின் பணியிடங்கள் பற்றிய வழக்கு. சட்டத்தின் பிரிவு 37 தடுப்பது 'கட்டடக் கலைஞர்' என்ற பெயரை, பதிவு இல்லாதவர் பயன்படுத்துவதைத்தான். கட்டடம் வடிவமைக்கும் வேலையையே மற்றவர்கள் செய்யக் கூடாது என்று அது தடுக்கவில்லை என்று நீதிபதிகள் தெளிவாக்கினார்கள். பெயருக்குத்தான் வேலி. ஆகவே பலகையில் 'கட்டட வடிவமைப்பு, வரைபடம், மேற்பார்வை' என்று எழுதுங்கள். 'ஆர்க்கிடெக்ட்' என்ற சொல் எந்த வடிவிலும் வர வேண்டாம். 'ஆர்க்கிடெக்சுரல் கன்சல்டன்ட்' என்று சிலர் சுற்றி வளைத்துப் போடுகிறார்கள், அதுவும் வம்பு. பதிவு பெற்ற ஒருவரோடு பங்காளியாகி 'ஆர்க்கிடெக்ட்' என்ற பெயரில் நிறுவனம் நடத்தலாமா என்றும் கேட்பீர்கள். முடியாது. பங்காளிகள் அனைவரும் பதிவு பெற்றிருக்க வேண்டும்.

கையெழுத்து பற்றி ஒன்று சொல்லியே ஆக வேண்டும். மனையைப் பார்க்காமல் முத்திரை வைப்பவர் என் தொழிலில் இருப்பவர். அதற்காக நான் வெட்கப்படுகிறேன். அவரைவிட நீங்கள் அந்த வீட்டுக்கு நேர்மையாக இருந்திருக்கிறீர்கள்.

---

பி.ஆர்க். நான்காம் ஆண்டு மாணவன்:

ஐயா, தவறாக எண்ண வேண்டாம். ஐந்து ஆண்டு இரவு பகலாகப் படிக்கிறோம், வீட்டில் கடன் வாங்கிக் கட்டணம் கட்டுகிறார்கள். அனுபவம் இருந்தால் போதும் என்று திறந்துவிட்டால், உங்களைப் போன்ற ஒருவர் வரும் அதே வழியில் ஜல்லிக்கல் செருகுகிற பத்துப் பேரும் வருவார்கள். பட்டம் எல்லாவற்றுக்கும் உத்தரவாதம் இல்லைதான். ஆனால் எங்கேயாவது ஒரு கோடு போட வேண்டாமா?

---

காலடிப்பேட்டை பொறியாளர்:

தம்பி மாணவரே, கோடு வேண்டும் என்பதில் எனக்கும் மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் தண்டையார்பேட்டைத் தம்பி சலுகை கேட்கவில்லை. 'என்னைச் சோதியுங்கள்' என்கிறார். சோதிக்கவே மாட்டோம் என்பதுதான் இன்றைய நிலை. இரண்டும் வேறு வேறு.

தம்பி, நானும் உங்களைப் போல வரைபலகையிலிருந்து வந்தவன்தான். இப்போது 61 வயது. 39-ஆவது வயதில் மாலை நேரப் பாலிடெக்னிக்கில் சேர்ந்து சிவில் பட்டயம் முடித்தேன். வேலை முடித்து ஐந்தரை மணிக்கு பஸ் பிடிப்பேன், வீட்டுக்கு வரும்போது பத்து மணி தாண்டிவிடும். வகுப்பில் எனக்குப் பாடம் எடுத்தவர் என்னைவிட 11 வயது இளையவர். கட்டமைப்புப் பாடத்தில் ஒருமுறை தோற்றேன். ஆனால் அந்தப் பாடம்தான், அதுவரை நான் பழக்கத்தில் செய்துவந்ததற்குக் காரணம் சொன்னது. தாங்கு கம்பியை ஏன் சுவரோரத்தில் மேலே வளைக்கிறோம் என்று 18 ஆண்டு வளைத்த பிறகுதான் எனக்குப் புரிந்தது.

உங்களுக்கு நான் சொல்லும் வழி இதுதான். 'கட்டடக் கலைஞர்' என்ற பெயரை விட்டுவிடுங்கள், கையெழுத்து உரிமையைப் பிடியுங்கள். 2019-இல் வந்த தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள், கட்டடக் கலைஞரை மட்டும் பேசவில்லை. பதிவு பெற்ற பொறியாளர், கட்டமைப்புப் பொறியாளர் என்று வெவ்வேறு வல்லுநர்களை வகுத்து, யார் எதற்குப் பொறுப்பு என்று சொல்கின்றன. பட்டயம் முடித்தால் அந்த வரிசையில் நிற்க உங்களுக்கு ஓர் இடம் கிடைக்கும். ஐ.டி.ஐ. மட்டும் வைத்துக்கொண்டு நிற்க முடியாது. ஐ.டி.ஐ. முடித்தவர்களைப் பட்டயப் படிப்பில் நேரடியாக இரண்டாம் ஆண்டில் சேர்க்கிறார்கள், அதனால் உங்கள் பழைய சான்றிதழ் வீண்போகவில்லை. பெட்டியிலிருந்து எடுத்து வையுங்கள். எந்தப் பட்டயத்துக்கு என்ன தகுதி, எத்தனை ஆண்டு அனுபவம் என்பதை மண்டல அலுவலகத்தில் எழுத்தில் கேட்டு வாங்கிக்கொண்டு பிறகு சேருங்கள். வாய்வார்த்தையை நம்பிச் சேர வேண்டாம்.

பொறியாளர் நிறுவனம் நடத்தும் ஏ.எம்.ஐ.இ. தேர்வை எழுதினால் பி.இ.க்குச் சமம் என்று யாராவது சொல்வார்கள். 2013 மே 31-க்குள் பதிவு செய்தவர்களுக்குத்தான் அந்த மதிப்பு. இப்போது பணத்தைக் கட்டிவிடாதீர்கள்.

இன்னொன்றும் கவனியுங்கள். 2024 ஜூலை முதல் 2,500 சதுர அடி வரை மனை, 3,500 சதுர அடி வரை கட்டடம், தரைத்தளமும் முதல் தளமும் மட்டும் உள்ள வீடுகளுக்குச் சுயசான்று முறையில் இணையத்தில் உடனடி அனுமதி தருகிறார்கள். நம் பக்கத்துச் சின்ன மனைகளில் பல அளவில் இதற்குள் அடங்கும். சாலை அகலம், பக்கவெளி எல்லாம் விதிப்படி இருக்கிறதா என்று பார்த்துச் சொல்ல மக்களுக்கு ஓர் ஆள் வேண்டும். அந்த ஆளாக இருப்பதற்குத் தடை இல்லை. ஆனால் அதில் கொடுக்கும் உறுதிமொழி வீட்டுக்காரருடையது. அளவு பிசகினால் மாட்டிக்கொள்வது அவர்தான் என்பதை ஒவ்வொருவரிடமும் உட்காரவைத்துச் சொல்லுங்கள்.

கடைசியாக அந்த மேஸ்திரிக்கு. ஐ.எஸ். 456 விதித்தொகுப்பில் கடலோரக் காற்றுக்கு ஆட்படும் கான்கிரீட் 'கடுமை' என்ற வகையில் வருகிறது. அதற்குக் கம்பியின் மேல் 45 மில்லிமீட்டர் கான்கிரீட் மூடாப்பு, குறைந்தது எம்30 வலிமைத் தரக் கலவை. 20 மில்லிமீட்டர் என்பது கடலே தெரியாத ஊருக்கு. விதித்தொகுப்பின் அந்தப் பக்கத்தை அச்செடுத்து வேலை நடக்கும் இடத்தில் ஒட்டிவிடுங்கள். வாயால் சொன்னால் நீங்கள் வரைவாளர்; விதியைக் காட்டினால் அவர் மறுக்க முடியாது.

---

திருவொற்றியூர்க்காரன், இப்போது நியூயார்க்:

அண்ணா, அமெரிக்க விஷயத்தை நான் சொல்கிறேன். அக்கா மகன் பாதி சரி, பாதி தவறு.

இங்கே உரிமம் தருவது ஒவ்வொரு மாநிலமும்தான். என்கார்ப் என்று ஓர் அமைப்பு இருக்கிறது, அந்த உரிம வாரியங்களின் தேசியக் கூட்டமைப்பு, 1919-இல் தொடங்கியது. அது தரும் சான்றிதழ் உரிமம் அல்ல. ஒரு மாநிலத்தில் உரிமம் வைத்திருப்பவர் மற்ற மாநிலத்திலும் எளிதாக உரிமம் பெற உதவும் தாள். வழக்கமாக அதற்கு அங்கீகாரம் பெற்ற கல்லூரிப் பட்டம் வேண்டும். பட்டம் இல்லாத அனுபவசாலிகளுக்கும் வழி வைத்திருக்கிறார்கள், ஆனால் முதலில் இங்கே ஏதாவது ஒரு மாநிலத்தில் உரிமம் பெற்று, குறைந்தது 3 ஆண்டு ஒழுங்கு நடவடிக்கை எதுவும் இல்லாமல் தொழில் செய்திருக்க வேண்டும்.

அதற்குப் பிறகு இரண்டு பாதை. கட்டடக்கலை சார்ந்த படிப்பு ஓரளவு இருப்பவர்கள், வழக்கமான 3,740 மணி நேர அனுபவத்தைப் போல இரண்டு மடங்கைக் கணக்குக் காட்ட வேண்டும், அதாவது 7,480 மணி நேரம். அதுவும் இல்லாதவர்கள் தாங்கள் செய்த கட்டடங்களின் ஆவணங்களைக் கோப்பாகத் தொகுத்து அனுப்ப வேண்டும். இன்னின்ன திறமை எனக்கு உண்டு, இந்த வரைபடத்தில், இந்தக் கட்டடத்தில் இருக்கிறது பாருங்கள் என்று ஒவ்வொன்றாக நிரூபிக்க வேண்டும். அதைப் படித்து முடிவு செய்வதும் தொழிலில் இருக்கும் கட்டடக் கலைஞர்கள்தான்.

அந்த முதல் உரிமத்தைப் பட்டமில்லாமல் பெற சில மாநிலங்களில் முடியும். நியூயார்க்கில் படிப்பும் அனுபவமும் சேர்த்து 12 ஆண்டுக் கணக்கு, கலிபோர்னியாவில் 8. அதோடு ஆறு பகுதித் தேர்வும் எழுத வேண்டும். என் அலுவலகத்தில் ஒருவர் அப்படி வந்தவர். தச்சராகத் தொடங்கியவர், 54 வயதில் கடைசிப் பகுதியைத் தேறினார். ஆகவே வீட்டில் இருந்தபடி இணையத்தில் பணம் கட்டி வாங்குவது என்று எதுவும் இல்லை. வாங்கினாலும் தண்டையார்பேட்டையில் அதற்கு மதிப்பில்லை.

ஆனால் அந்தக் கோப்பு முறை உங்களுக்குப் பயன்படும் என்று நினைக்கிறேன். யாரும் கேட்காவிட்டாலும் தொகுக்கத் தொடங்குங்கள். ஒரு வீட்டுக்கு ஓர் உறை. முதல் அளவு எடுத்த கைப்படம், திருத்திய வரைபடங்கள், கம்பி கட்டிய நிலையில் அளவு நாடாவோடு எடுத்த படம், தேதி, அன்று நீங்கள் எதை மாற்றச் சொன்னீர்கள், ஏன். வேலையை நிறுத்திய அந்த மாலையை இன்றே எழுதி வையுங்கள், நினைவு மங்கும் முன்.

---

தண்டையார்பேட்டை வரைவாளர்:

எல்லோருக்கும் நன்றி. பதில்களை மூன்று முறை படித்தேன். மாணவத் தம்பியின் பதிலையும்தான். தம்பி, உங்கள் கோபம் எனக்குப் புரிகிறது. கோட்டை அழிக்கச் சொல்லவில்லை. கோட்டுக்கு இந்தப் பக்கம் நிற்பவனை ஒருமுறை கூப்பிட்டு, இதை வரைந்து காட்டு, இதற்குக் காரணம் சொல் என்று கேட்டால் போதும். தோற்றால் பேசாமல் திரும்பிவிடுவேன்.

1972 சட்டத்தின் அந்தக் கதவைப் பற்றிப் படித்தபோது மனம் கனத்தது. என் முதலாளியின் முதலாளி அப்படிப் பதிவு பெற்றவர் என்று அவர் சொல்லக் கேட்டிருக்கிறேன். பட்டம் இல்லாதவர். அவரிடம் கற்றதைத்தான் இவர் எனக்குக் கற்றுக்கொடுத்தார், அந்தச் சுத்தியல் ஓசை உட்பட. அதே வழியில் வந்த என்னிடம் வந்து கதவு நின்றுவிட்டது.

தரகரை நேற்று திருப்பி அனுப்பிவிட்டேன். இனி வந்தால் புகார் கொடுப்பேன் என்றும் சொல்லிவிட்டேன். பலகையில் 'கட்டட வடிவமைப்பு, வரைபடம், மேற்பார்வை' என்று எழுதக் கொடுத்திருக்கிறேன். ஐ.டி.ஐ. சான்றிதழ் அம்மாவின் டிரங்குப் பெட்டியில் இருந்தது, ஓரம் செல்லரித்திருக்கிறது, எண் தெரிகிறது. காலடிப்பேட்டை அண்ணா, மாலை நேரப் படிப்புக்கு எங்கே விண்ணப்பிக்க வேண்டும் என்று உங்களைத் தனியே கேட்கிறேன்.

பெரம்பூர் அம்மாவுக்கு ஒரு வேண்டுகோள். காசிமேட்டு வீட்டின் இரண்டாம் தளக் கூரை இந்த மாதக் கடைசியில். நீங்கள் வந்து பார்த்து, தவறு இருந்தால் சொல்லி, சரியாக இருந்தால் மட்டும் உங்கள் பெயரைத் தருவீர்களா? உங்களுக்கு உரிய கட்டணத்தைக் கொடுக்கிறேன்.

---

பெரம்பூர் கட்டடக் கலைஞர்:

வருகிறேன் அண்ணா. ஆனால் கான்கிரீட் போடும் நாளன்று அல்ல, அதற்கு இரண்டு நாள் முன்பு, கம்பி கட்டிக்கொண்டிருக்கும்போதே. கட்டமைப்பு வரைபடத்தை முன்னதாக அனுப்புங்கள். முதல் தளத்தையும் நான் பார்க்க வேண்டும், ஏற்கெனவே போட்டதைப் பற்றித் தெரியாமல் மேலே பேச மாட்டேன். அந்தப் படிக்கட்டை நீங்களே எனக்கு விளக்குங்கள், வீட்டுக்கார அம்மாவும் பக்கத்தில் இருக்கட்டும்.

---

தண்டையார்பேட்டை வரைவாளர்:

வரைபடம் அனுப்பிவிட்டேன். 45 மில்லிமீட்டர் கவர் பிளாக் 200 வார்த்துத் தொட்டித் தண்ணீரில் போட்டிருக்கிறேன். மேஸ்திரியே வந்து எண்ணிப் பார்த்துவிட்டு, இன்னும் 60 வேண்டும் என்றார்.